கட்டுவதற்குக் காசு உண்டு, காப்பதற்கு? நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் நகர மன்ற உறுப்பினர்களுக்கும் குடிமக்கள் ஆலோசனைக் குழுத் தொண்டூழியர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலில் எந்தக் குடியிருப்புப் பேட்டையின் பெயரும் வராது. பெயரைச் சொன்னால் அந்தப் பேட்டைக்கு மட்டும் ஒரு கூரைபோட்ட நடைபாதை வந்து சேரும், படம் எடுத்து முடித்ததும் மடல் மறந்துபோகும். நாங்கள் பேச வந்தது ஒரு வகைப் பேட்டையைப் பற்றி. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். 1970களிலோ 80களிலோ கட்டிய பத்துப் பன்னிரண்டு புளோக்குகள் (அடுக்குமாடிக் கட்டடங்கள்), நடுவில் ஒன்றிரண்டு வாடகை வீட்டுப் புளோக்குகள், பாதி கதவடைத்த கடை வரிசை. காலையில் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் கையில் ஊன்றுகோல். உங்கள் எல்லைக்குள் அப்படி ஒன்று இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

எழுதுகிறவர்கள் கட்டடப் பராமரிப்பு, மின்தூக்கி, ஏலக்குத்தகை (டெண்டர்) கணக்கு ஆகிய வேலைகளை அறிந்த குடியிருப்பாளர்கள். எங்கள் வாதம் ஒன்றுதான். சிங்கப்பூரில் ஒரு பழைய பேட்டை பின்தங்குவது பணம் இல்லாததால் அல்ல. பணம் ஏழெட்டுப் பைகளில் கிடக்கிறது, ஒவ்வொரு பையின் வாயும் வேறுவேறு முடிச்சால் கட்டியிருக்கிறது. எந்த முடிச்சை எந்த ஆண்டில் அவிழ்ப்பது என்று வரிசை போட்டுப் பார்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு: கட்டும் செலவைப் பெரும்பாலும் அரசாங்கம் ஏற்கிறது, கட்டியதைக் காக்கும் செலவோ மாதாமாதம் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் வந்து விழுகிறது. இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் குடியிருப்பாளர்களுக்குக் காட்டும் வழக்கம் இல்லை. ஆனையைக் கட்டித் தீனி போடுகிற கதை இது. ஆனை இலவசமாக வந்ததால் தீனிக் கணக்கைப் பார்க்காமல் விட்டோம்.

முதலில் எது யாருடையது என்பது. 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் நகர மன்றங்கள் தொடங்கின, 1988இல் சட்டம் வந்தது. அதற்கு முன் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்தான் (வீவக) எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. இன்று கார் நிறுத்துமிடம் வீவகவிடம். தாழ்வாரம், மின்தூக்கி, கீழ்த்தளம், கூரை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் நகர மன்றத்திடம். பேட்டையை ஒட்டிய சாலையும் பேருந்து நிறுத்தமும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம், பொது வடிகால் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம், சாலையோர மரம் தேசியப் பூங்காக் கழகத்திடம். ஒரு மூதாட்டி தம் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் இருநூறு மீட்டரில் மூன்று நான்கு அமைப்புகளின் எல்லையைத் தாண்டுகிறார். அவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்த எல்லைக் கோட்டில்தான். ஒருவர் போட்ட சிமெண்டுத் தளம் முடிந்து அடுத்தவர் போட்ட தளம் தொடங்கும் இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் மேடு நிற்கும். இரு தரப்பும் தத்தம் வரைபடப்படி சரியாகத்தான் வேலை செய்திருப்பார்கள்.

பணப் பைகளும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன. வீட்டுக்குள் நடக்கும் பழுதுக்கு 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டம். கான்கிரீட் உதிர்வு, கழிவுநீர்க் குழாய் போன்ற அவசிய வேலைகளுக்குக் குடிமக்கள் காசு தர வேண்டியதில்லை. கழிவறைப் புதுப்பிப்பு, வாசற்கதவு போன்ற விருப்ப வேலைகளுக்கு வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு தர வேண்டும். வீட்டுக்கு வெளியே, புளோக்குகளுக்கு இடையில் நடக்கும் வேலைக்கு அதே ஆண்டு வந்த அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம். செலவு முழுதும் அரசாங்கத்துடையது, வேலையை நடத்துவது நகர மன்றம். முதலில் 1989 வரை கட்டிய புளோக்குகளுக்கு இருந்த தகுதி வரம்பு பின்னர் தளர்த்தப்பட்டது. சாய்தளம், சிறு கூரை, உடற்பயிற்சி மூலை போன்ற சின்ன வேலைகளுக்கு சமூக மேம்பாட்டுத் திட்டக் குழுவின் நிதி. அதைக் கேட்க வேண்டியது குடிமக்கள் ஆலோசனைக் குழு, பெரும்பகுதியைத் தருவது தேசிய வளர்ச்சி அமைச்சு, மிச்சம் நகர மன்றத்துடையது. முதியவரின் வீட்டுக்குள் கைப்பிடியும் வழுக்காத தரையும் வேண்டுமென்றால் அதற்கு வேறு திட்டம், வேறு விண்ணப்பம்.

அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, சின்னப் பேட்டைகளைக் கவிழ்ப்பது அதுதான். வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு மொத்த வரவுசெலவுக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள். 400 வீடுள்ள பேட்டைக்கும் 1,400 வீடுள்ள பேட்டைக்கும் ஒரு சாய்தளத்தின் விலை ஒன்றுதான். வடிவமைப்பாளர் கட்டணமும் மண் பரிசோதனையும் அப்படியே. ஆகவே சின்னப் பேட்டையில் இந்த நிலைச் செலவுகள் வரவுசெலவின் பெரும்பங்கைத் தின்றுவிடும். திட்டத்தின் விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது: அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மூன்று பேட்டைகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாக நடத்தலாம். பிரிக்கிற சாலை குறுக்கே போகிறது, குடியிருப்பாளர் குழு வேறு என்ற காரணங்களுக்காகத் தனித்தனியாகக் கேட்பது பணத்தை வீணாக்குவது.

இனி தீனிக் கணக்கு. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நகர மன்றம் வசூலிக்கும் கட்டணத்திலும் அரசு மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காடு நீண்டகாலப் பழுதுபார்ப்புக்கான சேம நிதிக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் ‘சிங்கிங் ஃபண்ட்’ என்பது இதைத்தான். இன்னும் 14 விழுக்காடு மின்தூக்கி மாற்று நிதிக்கு. இரண்டும் சேர்ந்து 40. இதைத் தொட முடியாது, தொடவும் கூடாது. கணக்குக்காக ஒரு பேட்டையில் 1,400 வீடுகள், சராசரிக் கட்டணம் மாதம் 65 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், மானியத்தையும் கடைகளையும் தள்ளிவைப்போம். ஆண்டு வசூல் 1,092,000 வெள்ளி. சேம நிதிக்கு 283,920. மின்தூக்கிக்கு 152,880. கையில் நிற்பது 655,200. வீட்டுக்கு மாதம் 39 வெள்ளி. துப்புரவு, பொதுவிளக்கு, தண்ணீர் ஏற்றும் மின்சாரம், மின்தூக்கிப் பராமரிப்பு, புல்வெட்டு, பூச்சிக் கட்டுப்பாடு, அலுவலகச் சம்பளம் எல்லாம் இந்த 39 வெள்ளிக்குள்.

இதிலிருந்து ஒரு எளிய அளவுகோல் கிடைக்கிறது. 1,400 வீட்டை 12 மாதத்தால் பெருக்கினால் 16,800. அதாவது, இப்படிப்பட்ட பேட்டையில் ஆண்டுச் செலவு 16,800 வெள்ளி கூடினால் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒரு வெள்ளி கூடுகிறது. புதிதாக எதைக் கட்டுவதானாலும் இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். நீர்த்தாரை அமைத்தால் பம்பு, மின்சாரம், கொசு முட்டையிடாமல் இருக்க வாராந்தரச் சோதனை. விளையாட்டுத் திடலில் ரப்பர் தரை போட்டால் வெயிலில் வெளுத்து, மரநிழலில் பாசி பிடித்து, ஓரம் பெயர்ந்து, சில ஆண்டில் மறுபடி போட வேண்டும். அப்போது அரசாங்கத் திட்டம் வராது, உங்கள் கைப்பணம்தான். கட்டாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. குத்தகையாளரிடம் கட்டும் விலையைக் கேட்கும் அதே தாளில் பத்தாண்டுப் பராமரிப்பு விலையையும் கேளுங்கள், கேட்டதைக் குடியிருப்பாளரிடம் காட்டுங்கள். 16,800 என்ற எண்ணுக்கு முன்னால் நீர்த்தாரை ஆசை பல பேட்டைகளில் தானே வற்றிவிடும். வாசலில் கைப்பிடி வேண்டும் என்ற ஆசை வற்றாது, அதன் பராமரிப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

சேம நிதியின் பக்கம் வேறு சிக்கல். சாயம் பூசுவது 5 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை, கூரைக்கு நீர்க்காப்பு சுமார் 14 ஆண்டு, மின்தூக்கியின் ஆயுள் 28 ஆண்டு. ஏழு, பதினான்கு, இருபத்தெட்டு. எண்களைப் பார்த்தாலே புரியும். ஒரே நேரத்தில் கட்டிய பேட்டையில் இருபத்தெட்டாம் ஆண்டில் நான்காவது சாயமும், இரண்டாவது கூரையும், முதல் மின்தூக்கி மாற்றமும் ஒரே வாசலில் வந்து நிற்கும். பன்னிரண்டு புளோக்குக்கு இரண்டிரண்டு மின்தூக்கி என்றால் 24. அவ்வளவையும் ஒரே ஆண்டில் மாற்ற நிதியும் இருக்காது, குத்தகையாளரிடம் ஆளும் இருக்காது, புளோக்குக்கு ஒரு மின்தூக்கியோடு மாதக்கணக்கில் தள்ள மக்களுக்குப் பொறுமையும் இருக்காது. 24ஆம் ஆண்டில் தொடங்கி 32ஆம் ஆண்டுக்குள், ஆண்டுக்கு மூன்று என்று பரப்பினால் எட்டு ஆண்டில் முடியும். முதலில் எந்த மூன்று? புளோக் எண் வரிசைப்படி அல்ல, பழுதுப் பதிவேட்டின்படி. கதவு சிக்கல், தளம் சமமில்லாமல் நிற்பது, நடுவில் சிக்கிக்கொள்வது ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணுங்கள். கடைசி இரண்டும் அடிக்கடி நடக்கும் மின்தூக்கி முதலில் போகட்டும். 2001இல் வந்த மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தின்போது ஒரே புளோக்கில் ஒன்று பழையது, ஒன்று புதியது என்று ஆன இடங்கள் உண்டு. ஆகவே பதிவேடு புளோக்குக்கு ஒன்றாக இல்லாமல் மின்தூக்கிக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லா மாடியிலும் நிற்கும் மின்தூக்கி அமைக்கச் செலவு கட்டுப்படியாகாத சில புளோக்குகள் இன்றும் உண்டு. அங்கே மருத்துவக் காரணத்தால் படியேற முடியாத குடும்பம் வேறு வீட்டுக்கு மாற, 2020 முதல் 30,000 வெள்ளி வரை மானியம் இருக்கிறது. அந்தப் புளோக்குகளில் இந்த ஒரு செய்தியைக் கதவுகதவாகத் தட்டிச் சொன்னாலே போதும், கட்டுமானமே தேவையில்லை.

சேம நிதி பெரிய தொகை என்பதால் அதை முதலீடு செய்கிறார்கள். 2008 நிதி நெருக்கடியில் சில நகர மன்றங்கள் சிக்கலான முதலீட்டுப் பத்திரங்களில் பணம் இழந்தது ஊரறிந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் எச்சரிக்கையாகிவிட்டார்கள். எங்கள் கேள்வி சாதாரணமானது: அடுத்த மூன்று ஆண்டில் வேலைக்கு வேண்டிய தொகை, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வடிவில் இருக்கிறதா?

வேலை வரிசைக்கு வருவோம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான், அதையும் கணக்காய்வு அறிக்கை காட்டாது. ஒவ்வொரு வேலையும் தனித்தனியே சரியாக நடந்து, ஒன்றை ஒன்று கெடுத்திருக்கும்.

சாயம் பூசிய அடுத்த ஆண்டு இல்ல மேம்பாட்டுத் திட்டம் வந்தால், குழாய் மாற்றவும் கான்கிரீட் பூசவும் சாரம் கட்டி, புதுச் சுவரில் ஒட்டு விழும். மின்தூக்கியின் உட்சுவரில் சிமெண்டு மூட்டையும் பழைய கழிவறைப் பீங்கானும் உரசும். கீழே புதிதாக நட்ட புல் குப்பைத் தொட்டிக்கு இடமாகும். அதனால் வீட்டுக்குள் முதலில், சுவர் பிறகு, தரையும் தோட்டமும் கடைசியில். சொன்னால் சிரிப்பாக இருக்கும், வீடு கட்டுகிறவன் எவனும் அறிந்த வரிசை இது. ஆனால் மூன்றுக்கும் மூன்று அலுவலகம், மூன்று நிதியாண்டு என்றால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. நடைபாதையில் புதுக்கல் பதித்த ஆறாம் மாதம் கேபிள்காரர் வந்து தோண்டுவதும் இதே கதைதான். கல்லை எடுத்தவர் திரும்பப் பதிப்பார், ஆனால் அடியில் மண்ணைச் சரியாக இறுக்கியிருக்க மாட்டார். ஒரு மழைக்காலம் போனால் அந்த இடம் மட்டும் குழிந்து தண்ணீர் நிற்கும்.

கூரை விஷயத்தில் தவறு இன்னும் விலை கூடியது. 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீவக புளோக்குகளின் கூரையில் சூரியத் தகடுகள் பதிக்கிறார்கள். தகட்டைப் பதித்துப் பராமரிப்பது நிறுவனத்தின் வேலை, நகர மன்றம் பயன்படுத்திய மின்சாரத்துக்கு மட்டும் காசு தரும். முதல் போடாமல் பகல்நேர மின்தூக்கி, விளக்கு, பம்பு செலவைக் குறைக்க நல்ல வழி, தயங்காமல் சேருங்கள். ஆனால் தகடு வரும்முன் கூரையின் நீர்க்காப்புக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். இரண்டு ஆண்டு மட்டுமே மிச்சம் என்றால் முதலில் நீர்க்காப்பு, பிறகு தகடு. இல்லாவிட்டால் மேல்மாடி வீட்டில் ஒழுகும்போது தகட்டைக் கழற்றி, காப்பு போட்டு, மறுபடி மாட்ட வேண்டும். அந்தக் கூலியையும் அந்த நாள்களின் மின்சார இழப்பையும் யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டுக்காரர் வாளி வைத்துக்கொண்டிருப்பார்.

கூரைபோட்ட நடைபாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் கேட்பது அது, அதிகம் பிழையாவதும் அது. நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் அறிவித்த நடைபாதைத் திட்டம் எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் வரை கூரை போட்டது. எங்கள் வகைப் பேட்டை அந்த வட்டத்துக்கு வெளியே. ஆகவே நடுவில் வரும் துண்டுக்கு சமூக மேம்பாட்டு நிதியோ அக்கம்பக்கப் புதுப்பிப்பு நிதியோதான் கதி. வரைபடத்தில் ஒரு கோடு இழுப்பது எளிது. அந்தக் கோட்டுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்கேபிள், தொலைபேசிக் குழாய், எரிவாயு எல்லாம் ஓடுகின்றன. தூணின் அடித்தளம் கழிவுநீர்க் குழாய்க்கு மேலோ மிக அருகிலோ விழுந்தால் அனுமதி கிடைக்காது, தூணை நகர்த்த வேண்டும். தூண் நகர்ந்தால் உத்திரத்தின் நீளம் மாறும், இரும்பின் கனம் மாறும், விலை மாறும். ஏலக்குத்தகைக்கு முன்பே உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவரைக் கொண்டு பாதை முழுவதையும் பார்த்து, சந்தேகமான இடங்களில் கையால் சோதனைக் குழி தோண்டிவிட்டால் இந்தச் சிக்கல் காகிதத்திலேயே தீரும். இந்தச் சிறு செலவை மிச்சம் பிடிக்கிற பேட்டையில் வேலை தொடங்கிய பின் நின்றுபோகும், பலகையால் மூடிய குழியைச் சுற்றி மக்கள் மாதக்கணக்கில் நடப்பார்கள்.

அடுத்தது தீயணைப்பு வண்டியின் பாதை. அதன் குறுக்கே கூரை போட்டால் தரையிலிருந்து 4.5 மீட்டர் உயரம் விட வேண்டும். அந்த இடத்தில் கூரை திடீரென்று உயரும். இரண்டு மீட்டர் அகலமுள்ள கூரை நாலரை மீட்டர் உயரத்தில் நின்றால் சாரல் மழைக்கு அது குடை ஆகாது, அழகுக்குத்தான். உயர்கிற இடத்தில் கூரையை இருபுறமும் அகலமாக்கி, தாழ்கிற கூரையின்மேல் ஒரு மீட்டராவது ஏறிப் படரவிட வேண்டும். சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றோடு வரும் ‘சுமத்ராப் புயல்’ மழையில் ஒருமுறை நின்று பார்த்தவர் இந்த அகலத்துக்காகச் சண்டை போடுவார். வடிவமைப்பாளர் வருவது பெரும்பாலும் வெயில் நாளில்.

கடைசியாக இடைவெளி. புளோக்கின் விளிம்பில் ஒரு கூரை முடியும், இரண்டு மீட்டர் தள்ளி அடுத்தது தொடங்கும், ஏனென்றால் அங்கே எல்லைக்கோடு. பேருந்து நிறுத்தத்தின் பக்கத்திலும் இதே இடைவெளி. இருநூறு மீட்டர் நனையாமல் வந்தவர் கடைசி இரண்டு மீட்டரில் நனைகிறார். அங்கே தரையில் வடிகால் மூடியும் இருக்கும். அதன் கம்பிகளுக்கு இடையே 12 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஊன்றுகோலின் நுனி மாட்டும். வரைபடம் முடிவாகும் முன் நகர மன்றம், வீவக, நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றின் அதிகாரிகளும் ஒரே நாளில் அந்தப் பாதையை நடந்து பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் போதும். மின்னஞ்சலில் இது தீராது.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு மனத்தில் இருக்கட்டும். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு. கீழ்த்தளம் தரையைவிட 90 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளத்தின் ஓட்டம் 10.8 மீட்டர். 9 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஏறக்கூடாது, நடுவில் ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும். மேலும் கீழும் அதே அளவு. எல்லாம் சேர்த்தால் 15 மீட்டரைத் தாண்டும். ஆகவே ‘இங்கே ஒரு சின்ன சாய்தளம் வையுங்கள்’ என்ற வேண்டுகோள் பலமுறை இரண்டு கார் நிறுத்துமிடத்தையும் ஒரு மரத்தையும் கேட்கும் வேண்டுகோள். இதை மக்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ‘பரிசீலிக்கிறோம்’ என்று எழுதுவதால்தான் மூன்று ஆண்டு கழித்துக் கோபம் வருகிறது. இடம் போதாத வாசலை விட்டுவிட்டு அதே புளோக்கின் மறுபக்கத்தில் தரை உயர்ந்து வரும் இடத்தைத் தேடினால் பாதி நீளத்தில் முடியும்.

ஏலக்குத்தகை விலை உச்சவரம்பைத் தாண்டுவது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. தாண்டினால் பட்டியலிலிருந்து எதையாவது வெட்டுவார்கள். வெட்டுகிற வேலை அவசரத்தில் நடக்கும், வெட்டுப்படுவது பெரும்பாலும் கோடியில் இருக்கும் வாடகைப் புளோக்கின் வேலை, ஏனென்றால் அங்கிருந்து யாரும் கூட்டத்துக்கு வந்து பேசவில்லை. இதைத் தடுக்க, பட்டியலை ஆரம்பத்திலேயே மூன்றாகப் பிரித்து ஏலத்துக்கு விடுங்கள்: எது போனாலும் இது போகக்கூடாது என்ற வேலைகள், பணம் இருந்தால் செய்யும் வேலைகள், மிச்சம் இருந்தால் பார்க்கும் வேலைகள். ஒவ்வொன்றுக்கும் தனி விலை வாங்குங்கள். எதிர்பாராத செலவுக்குப் பத்து விழுக்காடு ஒதுக்குங்கள். நுழைவாயில் வளைவை மூன்றாம் பட்டியலில் போடுங்கள். யார் கோபித்தாலும் பரவாயில்லை.

வாக்கெடுப்பு. அக்கம்பக்கப் புதுப்பிப்புக்குத் தகுதிபெற்ற வீட்டு உரிமையாளர்களில் 75 விழுக்காட்டினர் ஆதரவு வேண்டும். மேலே சொன்ன 1,400 வீட்டில் 200 வீவகவே வாடகைக்கு விடும் வீடு என்றால் உரிமையாளர் வீடு 1,200, வேண்டிய ஆதரவு 900. முந்நூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே திட்டம் விழும். எதிர்ப்பால் விழுவது அரிது. வீட்டை வாடகைக்கு விட்டு வேறிடத்தில் இருப்பவர், இரவு வேலைக்காரர், தாளில் இருப்பது புரியாதவர் ஆகியோரின் மௌனத்தால்தான் விழும். முதல் வகையினரின் முகவரிக்குத் தனியே கடிதம் அனுப்புங்கள். இரண்டாம் வகையினருக்காக மின்தூக்கி வாசலில் காலை ஏழு மணிக்கும் ஒருமுறை மேசை போடுங்கள். சமூக மன்றத்தில் சனிக்கிழமை கண்காட்சி வைத்தால் எப்போதும் வருகிற அதே நாற்பது பேர்தான் வருவார்கள்.

மூன்றாம் வகையினருக்கு மொழி. தமிழில் அறிவிப்பு ஒட்டுகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் எழுத்துருவில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் தமிழை எங்களாலேயே வாசிக்க முடிவதில்லை. அச்சுக்குப் போகும்முன் தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்தால் போதும். பார்க்கும்போது, ‘மேம்பாட்டுப் பணிகள்’ என்று மட்டும் எழுதாமல், எந்த வாசல், எத்தனை வாரம், எந்த மின்தூக்கி நிற்கும் என்று எழுதச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் கருத்து அந்த 900இல் சேராது. ஆனால் அதே சாய்தளத்தையும் கீழ்த்தளத்தையும் அவர்கள்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். வாக்கு இல்லாவிட்டாலும் வரைவுக்கு முந்தைய கருத்துக்கணிப்பில் அவர்களைச் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. கதவைத் தட்டும் தொண்டூழியருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நடை.

அக்கம்பக்கப் புகார்களைக் கைப்பேசியில் அனுப்பும் ஒன்சர்விஸ் செயலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைந்து, மறு ஆண்டு செயலி வந்தபின் ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் குறைந்தது உண்மை. ஆனால் புகார் எண்ணிக்கையை வைத்து எந்தப் பேட்டைக்கு முதலில் என்று முடிவுசெய்தால் விபரீதம். கைப்பேசியில் படமெடுத்து அனுப்பத் தெரிந்தவர்கள் இருக்கும் புதுப் பேட்டையில் புகார் குவியும். முதியவர்கள் இருக்கும் பழைய பேட்டையில் புகாரே இருக்காது, ‘பிரச்சினை இல்லை’ என்று கணக்கில் ஏறும். புகாரை எண்ணுவதோடு, ஆண்டுக்கு இருமுறை ஒரே படிவத்தோடு எல்லாப் புளோக்கையும் நடந்து பாருங்கள். ஒருமுறை கட்டாயம் மழை நாளில்.

பேட்டை இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதும் செலவைத் தீர்மானிக்கும். சுமார் 70 வயதான புளோக்குகளுக்கு, குடியிருப்பாளர் வாக்களித்தால், 99 ஆண்டுக் குத்தகைக்காலம் முடியும்முன்பே அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. 1970களின் புளோக்குகள் 2040களில் அந்த வயதை எட்டும். அங்கே இன்று முப்பதாண்டு நிற்கும் கான்கிரீட் அலங்காரம் எதற்கு? கழற்றி வேறிடத்தில் மாட்டக்கூடிய இரும்புக் கூரை, நகர்த்தக்கூடிய உடற்பயிற்சிக் கருவி போதும். கைப்பிடிக்கும் சாய்தளத்துக்கும் மட்டும் இந்தக் கணக்குப் பார்க்காதீர்கள். அவை இன்றைக்கு வேண்டும்.

தேர்தலுக்குத் தேர்தல் தொகுதி எல்லை மாறுகிறது, ஒரு பேட்டை ஒரு நகர மன்றத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. நிதி சட்டப்படி கைமாறும். பதிவேடும் வரைபடமும் பழுதுக் குறிப்பும் அவ்வளவு ஒழுங்காக மாறுவதில்லை. அதனால் நாங்கள் கேட்பது ஒரு தாள்.

ஒவ்வொரு பேட்டைக்கும் அடுத்த பத்து ஆண்டுக்கான ஒரே ஓர் அட்டவணை. மேலே ஆண்டுகள், இடப்பக்கம் வேலைகள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விவரம்: எந்தப் பையிலிருந்து பணம், எந்த வேலை முடிந்த பிறகு இது, முடிந்தபின் ஆண்டுக்குப் பராமரிப்புச் செலவு எவ்வளவு. கடைசி வரிசையில், அதனால் வீட்டுக்கு மாதம் எத்தனை காசு கூடும் என்ற எண். உங்கள் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. டிசம்பருக்குள் வரைவு வந்தால் இரண்டு மாதம் மக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம், மார்ச்சில் திருத்தலாம். அதை இணையத்தில் போடுவதோடு ஒவ்வொரு புளோக்கிலும் மின்தூக்கி அருகே, நான்கு மொழியிலும், மூக்குக்கண்ணாடியைத் தேடாமல் வாசிக்கும் அளவு எழுத்தில் ஒட்டுங்கள். வரைவில் எண் தப்பாக இருந்தால் திருத்தித் தர நாங்கள் இருக்கிறோம், ஊதியம் வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பும் கணக்கும் அறிந்த குடியிருப்பாளர்கள் சிலர்
சிங்கப்பூர்